சபாக்கில் பழைய சொகுசுக் கார்: வால்வோவா, பென்ஸா, பிஎம்டபிள்யூவா?

முப்பது வயதான பென்ஸ் ஒன்று இன்று புது மைவியின் விலையில் பாதிகூட இல்லாமல் கிடைக்கிறது. வால்வோ அதைவிட மலிவு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கார்களின் மேல் ஓர் ஆசை உண்டு. அதில் தவறே இல்லை. கையில் கொஞ்சம் வேலை தெரிந்து, வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இவை பல வருடம் உழைக்கும். ஆனால் வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'எது நல்ல கார்?' என்றுதான். எல்லாமே நல்ல கார்கள். சபாக், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் பக்கம் இருப்பவர் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கார் எப்படிப் பழுதாகும்? முன்கூட்டியே சொல்லுமா, சொல்லாமல் நடுச்சாலையில் நிற்குமா? நின்றால் வீட்டு வாசலில் வைத்தே பார்த்துவிட முடியுமா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் தூரம். சபாக்கிலிருந்து கிள்ளான் நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. ஐரோப்பியக் காரை மட்டுமே பார்க்கும் பட்டறைகள் பெரும்பாலும் கிள்ளான், ஷா ஆலம், கோலாலம்பூர் பக்கம்தான். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை லாரிகளுக்கு நடுவே கார் நின்றுவிட்டால், இழுவை வண்டிக்குக் கொடுக்கும் காசில் ஒரு ரேடியேட்டரே வாங்கிவிடலாம். கிள்ளானில் குடியிருப்பவருக்குப் பொருந்தும் கார் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

நான்கு கார்களை எடுத்துக்கொள்வோம். 1974 முதல் 1993 வரை வந்த வால்வோ 240, அதன் தம்பி போல 1990 முதல் 1998 வரை வந்த 940. 1984-இல் தொடங்கி 1995 வரை வந்த பென்ஸ் டபிள்யூ124. தொண்ணூறுகளின் பிஎம்டபிள்யூ இ36. இவற்றோடு நம் நாட்டு புரோட்டோன் பெர்டானா வி6, 1999-இல் வந்தது. இதைச் சொகுசுக் கார் வரிசையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அமைச்சர்களும் மாநில அதிகாரிகளும் போன கார் அது, சேர்க்கலாம்.

வால்வோவுக்கு நம் மாநிலத்தோடு ஒரு சொந்தம் உண்டு. ஷா ஆலமில் 1967-இல் இயங்கத் தொடங்கிய ஸ்வீடிஷ் மோட்டார் அசெம்பிளீஸ் ஆலையில்தான் இந்த நாட்டு வால்வோக்கள் பூட்டப்பட்டன. நாட்டின் முதல் கார் பூட்டும் ஆலை அது. அதனால் பழைய வால்வோவின் குணம் தெரிந்த வயதான ஃபோர்மேன்கள் சிலாங்கூரில் இன்னும் இருக்கிறார்கள். காரை வாங்குவதற்கு முன்பே அப்படி ஒருவரைத் தேடி வையுங்கள்.

சூடு ஏறினால் யார் சொல்வார்கள்?

நம் வெயிலில் பழைய காரைக் கொல்வது முதலில் சூடுதான். என்ஜின் தேய்ந்து போய்க் கழிக்கப்பட்ட காரைவிட, ஒரே ஒரு நாள் தண்ணீர் வற்றி, ஹெட் வளைந்து கழிக்கப்பட்ட கார்கள் அதிகம்.

இதில் பென்ஸ் டபிள்யூ124 நேர்மையான கார். வெப்பமானியில் எண்கள் போட்டிருக்கும். முள் 80-க்கும் 100-க்கும் நடுவே உண்மையாகவே ஏறி இறங்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. நெரிசலில் நூறைத் தாண்டிப் போய், முன்பக்க மின்விசிறி சுழன்றதும் இறங்கினால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பிஎம்டபிள்யூவின் முள் அப்படியில்லை. ஓட்டுநர் கலவரப்படக் கூடாது என்று அதை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நடுவை விட்டு நகர்வதை நீங்கள் பார்க்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கொதித்திருக்கும். இதோடு, இ36-இல் ரேடியேட்டர் கழுத்து, தெர்மோஸ்டாட் கூடு, சில வாட்டர் பம்புகளின் உள்ளே சுழலும் இறக்கை எல்லாம் பிளாஸ்டிக். வயதானால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். முதல் நாள் சொட்டுக்கூட ஒழுகாது. மறுநாள் ஒரே அடியாக உடையும். என்ஜினில் குறையே இல்லாத ஒரு நல்ல காரை இந்தச் சில நூறு வெள்ளிச் சாமான்கள் நாசமாக்குவதைப் பார்க்க மனம் பொறுக்காது. ஆகவே இ36 வாங்கினால், முந்தைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, ரேடியேட்டர், பம்பு, தெர்மோஸ்டாட், குழாய்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுத்தான் சபாக்கைத் தாண்டிப் போக வேண்டும். அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வால்வோ 240-க்கு இன்னொரு குணம். 1986-க்குப் பிந்தைய கார்களில் வெப்பமானிக்குப் பின்னால் ஒரு சிறிய மின்தகடு உண்டு. அது கெட்டால் என்ஜின் சரியாக இருக்கும்போதே முள் மேலே போகும், கீழே விழும். தெர்மோஸ்டாட்டை மாற்றி, பம்பை மாற்றி, கடைசியில் குற்றம் அந்தத் தகட்டில் என்று கண்டவர்கள் உண்டு. கையடக்க வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்தக் காராக இருந்தாலும் சூடு ஏறும் நேரத்தைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை செகிஞ்சானில் வயல் பார்க்க வரும் கூட்டத்தில் மாட்டி நிற்கும்போது ஏறி, சாலையில் ஓடும்போது இறங்கினால் விசிறியோ அதன் கிளட்சோ போயிருக்கிறது. மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்பு தள்ளவில்லை. எப்போதும் ஏறி, தண்ணீர் தொட்டியில் குமிழி வந்து, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் போட்ட காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆனால் பசை மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். தினமும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடி, என்ஜின் முழுதாகச் சூடேறாத காரிலும் அந்தப் பசை வரும்.

குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்தக் கார்களின் ஹெட் அலுமினியம். கூலண்ட் கலக்காத தண்ணீர் அதை உள்ளிருந்து அரிக்கும்.

வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத நோய்

காலையில் ஒரே உதையில் எழும்பும் கார், மதியம் கோயில் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு எழும்பாது. பழைய ஐரோப்பியக் கார்களில் அதிகம் கேட்கும் குறை இது. பெட்ரோல் பம்பு போய்விட்டது என்று சொல்லி மாற்றச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள்.

சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், ரேடியோவையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். பின்பக்கத்திலிருந்து ஒரு வினாடி மெல்லிய உறுமல் வர வேண்டும். அடுத்தது, ஸ்டார்ட் பண்ணும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். அது லேசாகத் துள்ள வேண்டும். உறுமல் வந்து முள் துள்ளாவிட்டால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் சாமான் அது. இ36-இலும் பிந்தைய பென்ஸ்களிலும் இது வழக்கம்.

வால்வோவில் உறுமல் வராவிட்டால் முதலில் ரிலேயைப் பாருங்கள். 940-இல் சாம்பல் தட்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால் ரிலேக்கள் வரிசையாக இருக்கும். பெட்ரோல் பம்பு ரிலேயை உருவி, கூட்டைத் திறந்து, தகட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஈயம் வைத்த புள்ளிகளில் ஏதாவது ஒன்றைச் சுற்றி மயிரிழை அகலத்தில் கறுப்பு வளையம் தெரியும். வெயிலில் உலோகம் விரியும்போது அந்த வெடிப்பு திறந்துகொள்கிறது, மின்சாரம் நின்றுவிடுகிறது. ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. இதனால்தான் இந்தக் காரை எனக்குப் பிடித்திருக்கிறது. 1989-க்குப் பிந்தைய பல வால்வோக்களில் என்ஜின் பக்கமே ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னி மின்னி மூன்று எண்களில் குறையைச் சொல்லும். ஸ்கேனர் தேவையில்லை.

1992 வரை வந்த 200இ, 230இ, 300இ போன்ற பென்ஸ்களில் இதே நோய்க்கு வேறு காரணம். அவற்றில் இருப்பது போஷ் கேஇ-ஜெட்ரோனிக் என்ற பாதி இயந்திர, பாதி மின்னணு முறை. என்ஜினை அணைத்த பிறகும் குழாயில் பெட்ரோல் அழுத்தம் நிற்க வேண்டும். அதைத் தாங்கும் அக்குமுலேட்டர் சோர்ந்துவிட்டால், சூட்டில் நெடுநேரம் சுழற்றிய பிறகுதான் எழும்பும். இதை வீட்டில் சரியாகச் சோதிக்க அழுத்தமானி வேண்டும். ஃபோர்மேனிடம் விடுவதே நல்லது. ஆனால் ஐட்லிங் தள்ளாடி, கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் அது உங்கள் வேலை: பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் ஓவர்லோட் ரிலேயின் தலையில் உள்ள ஃபியூசைப் பாருங்கள்.

பென்ஸ் வாங்குபவர் வயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்

1992 வாக்கிலிருந்து 1995 வரை வந்த இ200, இ220, இ280 கார்கள் ஓட்டுவதற்கு அருமையானவை. முந்தையவற்றைவிட மின்னணு முறை தெளிவு. டைமிங் பெல்ட் இல்லாமல் செயின். ஆனால் அந்த ஆண்டுகளில் என்ஜின் வயர்களுக்குப் போட்ட உறை சூட்டில் மட்கிப்போகும் தரத்தில் அமைந்துவிட்டது. ஒரு சென்சாருக்குப் போகும் வயரின் மேல் உறையை விரல் அகலத்துக்குத் தள்ளி, உள்ளே இருக்கும் நிற வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல வயர் வளையும். கெட்டது முட்டை ஓடு போல் உதிர்ந்து செம்புக் கம்பியைக் காட்டும். அப்படி உதிர்ந்தால் வயர்கள் ஒன்றோடொன்று உரசி என்ஜின் கணினியையே எரித்துவிடும். வயர் கட்டு மாற்றப்பட்ட கார் என்றால் விலை கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். மாற்றாத காரை மலிவு என்று வாங்குவது இரட்டைச் செலவு.

நம் பக்கத்தில் வயர் கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எலி. செம்பனைத் தோட்டங்களிலும் வயல்களிலும் எலியை அடக்க ஆந்தைக் கூடுகள் வைக்கிறார்கள் என்றால் எலிகளின் பெருக்கம் எவ்வளவு என்று புரியும். மட்கிய வயருக்கும் கடித்த வயருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மட்கியது நீளவாக்கில் வெடித்து உதிரும். கடித்ததில் பல் தடம் குறுக்கே இருக்கும், பக்கத்தில் புழுக்கையோ பானட்டின் அடிப்பஞ்சோ சிதறிக் கிடக்கும். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள். காரை அடிக்கடி ஓட்டுவதே எலிக்கு நல்ல மருந்து.

கியர், சாலை வரி, பெர்டானா

ஆட்டோ கியர் எண்ணெயை வீட்டில் பார்க்க முடியுமா என்பது தேர்வில் பெரிய வித்தியாசம். வால்வோ 240, 940, பென்ஸ் டபிள்யூ124, பெர்டானா ஆகியவற்றில் அளவுக்கம்பி உண்டு. பென்ஸில் காரை ஓட்டிச் சூடாக்கி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியர் 'பி'-யில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்துக் கருகல் வாடை வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இ36 ஆட்டோவில் அளவுக்கம்பியே கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி, எண்ணெயின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும்; வீட்டில் ஆகாது. இ36-தான் வேண்டும் என்பவர் மேனுவல் கியரைத் தேடட்டும்.

பெல்ட்டையும் கேளுங்கள். வால்வோவின் 8 வால்வு பி230 என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது. புதுப் பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். 16 வால்வு என்ஜினுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகவே வாங்கும்போது பானட்டைத் திறந்து எது என்று உறுதி செய்யுங்கள். 1993-க்கு முந்தைய இ36 318-இலும் பெல்ட், பிந்தையதில் செயின்.

பெர்டானா வி6-க்கு மிட்சுபிஷியின் 6ஏ12 என்ஜின். சாமான் மலிவு, சபாக் வட்டாரத்துப் பட்டறைகளுக்கும் பழகிய கார். ஆனால் என்ஜின் குறுக்கே கிடப்பதால் பின்வரிசை மூன்று ஸ்பார்க் பிளக்குகளை மாற்ற மேலே உள்ள காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றியாக வேண்டும். கியர் பாக்ஸும் செல்லப்பிள்ளை. 2008-இல் திரங்கானு மாநில அரசு பெர்டானாவின் பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்று சொல்லி பென்ஸ் இ200 வாங்கியது நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கலாம். முறையாகச் சரியான ரக எண்ணெய் மாற்றிய பெட்டி நிலைக்கும். மாற்றியதற்கு ரசீது கேளுங்கள்.

சாலை வரியை ஓட்டுவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். தீபகற்பத்தில் 2000 சிசிக்குள் இருந்தால் 380 வெள்ளிக்கு மேல் போகாது. இ220-க்கு 580-க்குக் கிட்ட வரும். இ280-க்கு 1,600-ஐத் தாண்டும். 300இ-க்கு 2,000-க்கும் மேல். ஆறு சிலிண்டரின் மென்மைக்கு வருடா வருடம் கொடுக்கும் விலை இது. பதினைந்து வயதைத் தாண்டிய காருக்கு முழுக் காப்புறுதி கிடைப்பதும் சிரமம். வாங்கும் முன் ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தானே கை வைக்கத் துணிந்தவருக்கு, சபாக்கில், 8 வால்வு வால்வோ 940. ஏர்கோனும் அமைதியும் முக்கியம், கொஞ்சம் கூடுதல் செலவும் செய்ய முடியும் என்றால், வயர் மாற்றிய பென்ஸ் இ220. கை வைக்க நேரமில்லாதவருக்கு பெர்டானா. இ36 ஓட்டுவதில் உள்ள இன்பம் மற்ற மூன்றிலும் இல்லை. ஆனாலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அதைச் சிபாரிசு செய்வேன்.

ஒரிஜினலா, ஹாஃப் கட்டா?

எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் பெட்டிச் சாமான் தேவையில்லை. லெம்ஃபோர்டர், போஷ், ஸாக்ஸ் போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கே சாமான் கொடுப்பவை. அவர்கள் பெயரிலேயே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். அடிப்பகுதி புஷ், சென்சார், ஷாக் எல்லாம் இவற்றில் எடுக்கலாம். கதவு, கண்ணாடி, சீட், விளக்கு, உள் அலங்காரம் ஆகியவற்றுக்கு, பாதியாக வெட்டிய பழைய கார்களின் சாமான் விற்கும் ஹாஃப் கட் கடைதான் சரி. முப்பது வருடக் காருக்குப் புதுசு தேடினால் கிடைக்காது. தண்ணீர், பிரேக், பெட்ரோல் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். ஹாஃப் கட் என்ஜின் போட்டால் எண் மாறியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) பரிசோதனையோடு பதிவு செய்தாக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை: எண்ணெய், ஃபில்டர், பிளக், பேட்டரி, கூலண்ட், ரிலே, பிரேக் பேட். நம் சூட்டுக்கு இந்த வயதுக் கார்களில் 15டபிள்யூ-40 எண்ணெய் போதும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில் இருக்கும் நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவதில் தள்ளிப்போடக் கூடாது. ஜெக் மட்டும் வைத்துக் காருக்கு அடியில் போகவே போகாதீர்கள். தாங்கிக் கால் வேண்டும், மண் தரையாக இருந்தால் அதன் அடியில் கெட்டிப் பலகையும் வேண்டும். பென்ஸின் முன் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம்; அதற்குரிய கருவி இல்லாமல் தொட்டால் உயிரையே வாங்கும். டபிள்யூ124-இன் ஏர்கோன் கூலிங் காயிலும் அப்படித்தான், டேஷ்போர்டு முழுதும் இறங்க வேண்டிய வேலை. கழித்த கறுப்பு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இங்கே எல்லாக் கால்வாயும் யாரோ ஒருவருடைய வயலுக்குத்தான் போகிறது. தோம்பில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு காரைப் பார்க்கப் போங்கள். "நீங்க வர்றதுக்குள்ள சூடு பண்ணி வைக்கிறேண்ணே" என்று விற்பவர் சொன்னால், வேண்டாம் தம்பி, ஆறியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் மேல் கை வைத்து, ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் உறைக்குக் கீழே ஜெக் வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று குனிந்து தட்டிப் பாருங்கள். கடல் காற்று முதலில் அங்கேதான் வேலை செய்கிறது. பிறகு ஏர்கோனைப் போட்டு, நெரிசலான நேரத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெயிலில் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். அதிலும் முதல் உதையிலேயே எழும்பினால் முன்பணம் கொடுக்கலாம்.